இருபது தெத்ரி

எங்கள் கட்டிடத்து லிஃப்டுக்குப் பசி எடுக்கும்.
ஏற இருபது தெத்ரி, அதன் வாயிலேயே போட வேண்டும்.
இறங்குவது இலவசம்.
கிளதானியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தக் கணக்கு
வீடியோ போடத் தொடங்கிய பிறகுதான்
எனக்கு விளங்கியது.

நான் மக்வாலா. லிஃப்ட் பழுதுபார்ப்பவள்.
பன்னிரண்டு கட்டிடம், முப்பத்தோரு பெட்டி,
ஒழுங்காக ஓடுவது எத்தனை என்று கேட்காதீர்கள்.
நெற்றியில் விளக்கு, சட்டைப்பையில் கைப்பேசி.
இரும்புவடம் கிரீஸ் குடிக்கிற சத்தத்தை
நாலு நிமிடம் பதிந்து ஏற்றினேன்.
முதல் வாரம் பதினான்கு பார்வை.
ஒன்பது நானே.
மீதி ஐந்து யார் என்று
இன்றுவரை யோசிக்கிறேன், நன்றியோடுதான்.

முகத்தைப் பெரிதாக வை, வாயைப் பிளந்து வை
என்றாள் தங்கை நாத்தேலா.
பிளந்தேன்.
பல் வைத்தியரின் விளம்பரம் வந்தது.

சீட்டு அடித்து முப்பத்தோரு பெட்டிக்குள்ளும் ஒட்டினேன்:
"இந்த லிஃப்ட் பேசுகிறது, வந்து கேளுங்கள்."
அடியில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்:
"முதலில் ஏழாம் மாடிப் பொத்தானைச் சரிசெய்."

அதைச் சரிசெய்யப் போன ஆகஸ்ட் மதியம்
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே மின்சாரம் போனது.
உள்ளே நான், நுக்ஸார், நுக்ஸாரின் தர்பூசணி,
பதினொரு கிலோ, இடுப்பில் குழந்தைபோல.
உதவிக்கு அழைக்கும் எண்ணை அழுத்தினேன்.
என் சட்டைப்பையிலேயே மணி அடித்தது.

நாற்பது நிமிடம்.
திருப்புளியால் கீறி, கையால் பிளந்து,
தாடை வழியத் தின்றோம்.
விதையை நாணயத் துளைக்குள் துப்பினார் நுக்ஸார்:
"தின்னு, இதையும் தின்னு!"
நான் சிரித்த சிரிப்பில் பெட்டி ஆடியது.
நின்ற வடம் முனகுவது கேட்கட்டும் என்றுதான்
அதை ஏற்றினேன், சத்தியமாக.

எட்டு லட்சம் பேர்.
நான் தூங்கும்போதும் யாரோ எங்கோ
எங்களை அடைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நடுநடுவே மூட்டுவலித் தைலம் விற்றார்கள்.
லிஃப்ட் நின்றால் ஊருக்குப் படி;
எனக்கோ
நின்ற லிஃப்ட் படியளந்தது.

பணம் வந்த அன்று கதவைத் தட்டினார் நுக்ஸார்,
கையில் கால்குலேட்டர்.
"பழம் என்னுடையது. துப்பியதும் நான்.
சிரிப்பு வேண்டுமானால் உன்னுடையது, எடுத்துக்கொள்."
வரி கடித்து, வங்கி கடித்து, தளம் கடித்து
பச்சைத் தோல் மட்டும் மிஞ்சிய தொகை.
சமையலறை மேசையில் பிரித்தோம்.
பழத்தின் விலை ஒன்பது லரியைத்
தனியாக எடுத்துக்கொண்டுதான் எழுந்தார்.

தைலக்காரர் எழுதினார்: இன்னொன்று செய்யுங்கள்,
இந்தமுறை புட்டியும் தெரியட்டும்.
பெரிய பழமாக வாங்கினோம்.
சட்டையைக்கூட மாற்றவில்லை.
அதே ஆறு, அதே ஏழு,
நானே மின்சாரத்தை நிறுத்தினேன்.
நுக்ஸார் துப்பினார், அதே சொல்.
சிரிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
பார்த்தவர் இருநூற்றுப் பன்னிரண்டு.
இத்தனைக்கும் இந்தப் பழம் தேன்.
முதல் பழம் வெறும் தண்ணீர்,
அதை நாங்கள் இருவரும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போதும் வடத்தின் சத்தத்தை ஏற்றுகிறேன்.
என்னைக் கழித்தால் ஐந்து பேர்.
நாணயப் பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்தால்
காசுகளோடு இன்னும் விதை உதிர்கிறது,
காய்ந்து, கறுத்து.
இதைக் கணக்கில் எங்கே எழுதுவது என்றார் மேலாளர்.
வரவு என்றேன்.

ஏழாம் மாடிக்காரர்கள்
இன்னும் எட்டுக்குப் போய்
ஒரு மாடி நடந்து இறங்குகிறார்கள்.
இறங்குவதற்குத்தான் காசில்லையே.